ரைபிள் தோட்டா ரீலோடிங்: பொருத்தமான பிரைமரைத் தேர்ந்தெடுக்கும் முறை

ரைபிள் தோட்டாவை மீண்டும் நிரப்புபவர் பித்தளைக் கூடு, வெடிமருந்து, குண்டு, அந்த மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் ஆகிய நான்கையும் ஒன்றாகப் பொருத்திப் பார்க்க வேண்டியவர். ஆனால் முதல் மூன்றையும் அலசி ஆராய்ந்து வாங்குபவர்கள்கூடப் பிரைமர் என்று வரும்போது இரண்டு வழிகளில் ஒன்றில் போய்விடுகிறார்கள். கையில் கிடைத்ததைப் பொருத்திவிடுவது ஒரு வழி. விலை கூடிய 'மேட்ச்' (போட்டிக்கான) பிரைமரை வாங்கிவிட்டால் குறி தானாகக் கூடும் என்று நம்புவது மற்றொன்று. இரண்டுமே பிரைமரைத் தனியாக நின்று வேலை செய்யும் பொருளாகக் கருதுகின்றன. உண்மையில் கூட்டில் பிரைமர் அமரும் குழி, துப்பாக்கியின் இயங்குமுறை, தோட்டாவின் அழுத்தம், மருந்தின் தன்மை ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாகப் பொருந்தாத பிரைமர்களை விலக்கிக்கொண்டே வருகின்றன. கடைசியில் எஞ்சும் இரண்டு மூன்றுக்குள்தான் நம் விருப்பத்துக்கு இடம் இருக்கிறது. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

தொடங்குவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிரைமரும் மருந்தும் பல நாடுகளில் சட்டத்தின் கண்காணிப்புக்கு உட்பட்டவை. வாங்கவும், வைத்திருக்கவும், தோட்டா நிரப்பவும் தனித்தனி உரிமம் தேவைப்படும் நாடுகளும், தனிநபர் ரீலோடிங்கை அனுமதிக்காத நாடுகளும் உள்ளன. அந்த அனுமதி கையில் உள்ளவர்களுக்காகவே பின்வருபவை எழுதப்பட்டுள்ளன.

பிரைமருக்குள் நடப்பது என்ன

பிரைமர் என்பது ஒரு சிறிய உலோகக் கிண்ணம். அதன் அடியில் அடிபட்டால் தீப்பற்றும் கலவை மெல்லிய படலமாக அழுத்தப்பட்டிருக்கும். அதன்மேல் பட்டடை எனத்தக்க ஒரு சிறு உலோகத் துண்டு அமர்ந்திருக்கும். விசையை இழுத்ததும் முன்னே பாயும் ஃபயரிங் பின் என்ற முள் கிண்ணத்தின் வெளிமுகத்தைக் குத்தும்போது கலவை கிண்ணத்துக்கும் பட்டடைக்கும் இடையே நசுங்கித் தீப்பற்றுகிறது. அந்தச் சுவாலை கூட்டின் அடியிலுள்ள தீத்துளை வழியே பாய்ந்து மருந்தைப் பற்றவைக்கிறது. இன்றைய பிரைமர்களில் பெரும்பாலானவை லெட் ஸ்டிஃப்னேட்டை அடிப்படையாகக் கொண்டவை. பாதரச ஃபல்மினேட், பொட்டாசியம் குளோரேட் ஆகியவற்றைக் கொண்டிருந்த பழைய கலவைகளில் குளோரேட் விட்டுச்செல்லும் உப்பு குழலைத் துருப்பிடிக்கச் செய்தது. பழைய இராணுவத் தோட்டாக்களில் அதை இன்னும் காணலாம்.

பட்டடை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பிரைமர்கள் இரு குலங்களாகப் பிரிகின்றன. பட்டடை பிரைமருக்குள்ளேயே இருந்தால் அது பாக்ஸர் வகை. கூட்டின் குழியிலேயே ஒரு மேடாக அமைந்திருந்தால் அது பெர்டான் வகை. இரண்டும் 1860களில் தோன்றியவை. எட்வர்ட் பாக்ஸர் ஆங்கிலேயர். ஹைரம் பெர்டான் அமெரிக்கர். ஆனால் அமெரிக்காவில் நிலைத்தது பாக்ஸர் முறை. பெர்டான் முறையோ ஐரோப்பிய, சோவியத் இராணுவங்களில் வேரூன்றியது. வரலாற்றின் இந்த இடமாற்றம் ரீலோடிங் செய்பவருக்கு வேடிக்கை மட்டும் அல்ல. கூட்டை உள்ளே ஒளி பாய்ச்சிப் பார்த்து நடுவில் ஒரே தீத்துளை இருக்கிறதா (பாக்ஸர்), பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு துளைகள் இருக்கின்றனவா (பெர்டான்) என்று உறுதிசெய்வதே அவருடைய முதல் வேலையாகிறது. பெர்டான் கூட்டில், பழைய பிரைமரை வெளியே தள்ளும் சாதாரண டீகேப்பிங் முள்ளை இறக்கினால் முள் உடையும். இனி இங்கே பேசப்படுவது பாக்ஸர் வகை மட்டுமே.

முதற்படி: குழியின் அளவு

ரைபிள் பிரைமர்கள் பெரும்பாலும் இரண்டே அளவுகளில் வருகின்றன. சிறியதன் விட்டம் 0.175 அங்குலம் (சுமார் 4.45 மி.மீ.), பெரியதன் விட்டம் 0.210 அங்குலம் (சுமார் 5.33 மி.மீ.). .22 ஹார்னெட், .223 ரெமிங்டன் போன்ற தோட்டா வகைகள் சிறிய பிரைமரையும், .30-30 வின்செஸ்டர், .270 வின்செஸ்டர், .308 வின்செஸ்டர், .30-06 ஸ்ப்ரிங்ஃபீல்டு போன்றவை பெரிய பிரைமரையும் ஏற்பவை. .50 பிஎம்ஜி தனக்கே உரிய பெரிய பிரைமரைக் கொண்டது. அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

தோட்டாவின் பெயரை வைத்தே அளவை முடிவுசெய்துவிடக் கூடாது. 6.5 கிரீட்மோர் கூடுகள் பெரிய குழியுடனும் சிறிய குழியுடனும் விற்பனைக்கு வருகின்றன. லாப்புவா நிறுவனம் தயாரிக்கும் 'பால்மா' வகை .308 கூடுகளும் சிறிய குழி கொண்டவை. சிறிய குழி அமைத்தால் கூட்டின் அடிப்பகுதியில் கூடுதல் பித்தளை எஞ்சுவதால், அதிக அழுத்தத்தில் பலமுறை சுட்டாலும் குழி தளர்வது தாமதமாகிறது. தொலைதூரப் போட்டியாளர்கள் இதை விரும்புவதற்கு அதுவே முதன்மைக் காரணம். சில போட்டிக் கூடுகளில் தீத்துளையும் வழக்கமான 2 மி.மீ.க்குப் பதிலாக 1.5 மி.மீ. அளவில் குறுகியிருக்கும், அவற்றுக்கு மெல்லிய டீகேப்பிங் முள் தேவை. இருவகைக் கூடுகளையும் வைத்திருப்பவர் அவற்றை வேறுவேறு பெட்டிகளில் வைப்பது நல்லது.

கைத்துப்பாக்கிப் பிரைமர்களுடன் குழப்பிக்கொள்வது இதைவிடத் தீவிரமான தவறு. பெரிய பிஸ்டல் பிரைமரும் பெரிய ரைபிள் பிரைமரும் ஒரே விட்டம் உடையவை. ஆனால் ரைபிள் பிரைமரின் உயரம் அதிகம். எனவே பிஸ்டல் பிரைமர் ரைபிள் குழிக்குள் அளவுக்கு மீறிப் புதைந்து சரியாகப் பற்றாமல் போகலாம். ரைபிள் பிரைமர் பிஸ்டல் குழியில் வெளியே துருத்தி நிற்கும். சிறிய வகையில் ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. விட்டமும் உயரமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால் சிறிய பிஸ்டல் பிரைமர் .223 கூட்டில் அழகாகப் பொருந்திவிடும். ஆனால் அதன் கிண்ணத்தின் தடிமன் சுமார் 0.017 அங்குலம் மட்டுமே. ரைபிளின் அழுத்தத்தை அது தாங்காது. துளைபட்டுச் சூடான வாயு, குழலின் பின்புறத்தை மூடும் போல்ட்டின் வழியே சுடுபவரின் முகத்தை நோக்கிப் பின்னோக்கிப் பாயக்கூடும்.

இரண்டாம் படி: கிண்ணத்தின் தடிமனும் துப்பாக்கியின் இயங்குமுறையும்

பெரிய ரைபிள் பிரைமர்களில் கிண்ணத்தின் தடிமன் பொதுவாக 0.027 அங்குலத்தை ஒட்டியே இருப்பதால் அங்கே தேர்வு எளிது. சிறிய பிரைமர்களில்தான் வேறுபாடு முடிவையே மாற்றுகிறது. சிசிஐ நிறுவனத்தின் 400, ரெமிங்டன் நிறுவனத்தின் 6½ ஆகிய பிரைமர்களின் கிண்ணம் சுமார் 0.020 அங்குலம், சிசிஐ 450, ரெமிங்டன் 7½ ஆகியவற்றின் கிண்ணம் சுமார் 0.025 அங்குலம். அங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்து பங்கு என்பது கைக்குத் தெரியாத அளவுதான். ஆனால் .22 ஹார்னெட்டின் மிதமான அழுத்தத்துக்காக அமைந்த 6½ பிரைமரை, சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு வரை உயரும் .223 ரெமிங்டனில் பயன்படுத்தக் கூடாது என்று விலக்குவதற்கு அந்த அளவு போதும். சிறிய குழி கொண்ட 6.5 கிரீட்மோர், .308 ஆகியவற்றில் உச்ச வரம்பு 62,000 பவுண்டு என்பதால் அங்கே தடித்த கிண்ணத்தைத் தவிர வேறொன்றைக் கருத வேண்டியதே இல்லை.

அடுத்து, ஃபயரிங் பின் எப்படி இயங்குகிறது என்று பார்க்க வேண்டும். போல்ட் ஆக்‌ஷன் (போல்ட்டைக் கையால் திறந்து மூடும்) ரைபிளில் ஃபயரிங் பின் வலுவான ஸ்பிரிங்கின் அழுத்தத்துக்கு எதிராகப் பின்னே பிடித்து நிறுத்தப்பட்டிருக்கிறது. விசையை இழுத்தால் ஒழிய அது முன்னே வராது. ஏஆர்-15, எம்1 காரண்ட், எஸ்கேஎஸ் போன்ற தானியங்கி ஏற்றல் கொண்ட ரைபிள்கள் பலவற்றில் ஃபயரிங் பின் கட்டற்றது. போல்ட் வேகமாக மூடும்போது அந்தப் பின் தன் எடையின் உந்தத்தாலேயே முன்னோக்கிச் சென்று பிரைமரை இலேசாகத் தட்டுகிறது. ஏஆர்-15இல் ஒரு தோட்டாவைச் சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம்) ஏற்றிச் சுடாமல் வெளியே எடுத்துப் பார்த்தால் பிரைமரின் நடுவே ஒரு சிறு புள்ளி பதிந்திருப்பதைக் காணலாம். மென்மையான கிண்ணமோ, எளிதில் பற்றும் கலவையோ, மேலே துருத்தி நிற்கும் பிரைமரோ இருந்தால் அந்தத் தட்டலே தோட்டாவை வெடிக்கச் செய்துவிடும். போல்ட் முழுமையாகப் பூட்டிக்கொள்வதற்கு முன்பே இது நிகழ்ந்தால் துப்பாக்கியே சிதறக்கூடும்.

இத்தகைய ரைபிள்களுக்காகவே இராணுவ உணர்திறன் அளவைப் பின்பற்றும் பிரைமர்கள் தயாரிக்கப்படுகின்றன: சிறிய அளவில் சிசிஐ எண் 41, பெரிய அளவில் சிசிஐ எண் 34. இவ்விரண்டும் பற்றவைக்கும் வலிமையில் மேக்னம் (வலு கூடிய) வகையைச் சேர்ந்தவை என்பதால், சாதாரணப் பிரைமருக்கான மருந்தளவுடன் இவற்றை நேரடியாக இணைக்கக் கூடாது. ஃபெடரல் பிரைமர்கள் எளிதில் பற்றும் இயல்பினால் பெயர்பெற்றவை. ஸ்பிரிங் வலு குறைந்த பழைய போல்ட் ஆக்‌ஷனில் அது வரம், கட்டற்ற ஃபயரிங் பின் உள்ள ரைபிளில் அதுவே தவிர்க்க வேண்டிய குணம். ஒரே பண்பு ஒரு துப்பாக்கியில் நன்மையாகவும் மற்றொன்றில் தீமையாகவும் மாறுவதால்தான், 'எந்தப் பிரைமர் சிறந்தது' என்ற கேள்வியை நான் எப்போதும் 'எந்த ரைபிளுக்கு' என்ற கேள்வியால் எதிர்கொள்கிறேன்.

மூன்றாம் படி: மருந்தும் மேக்னம் பிரைமரும்

மேக்னம் பிரைமர் அதிக நேரம் நீடிக்கும், அதிக வெப்பமுள்ள சுவாலையைத் தருகிறது. 'மேக்னம் தோட்டாவுக்கு மேக்னம் பிரைமர்' என்ற விதி நினைவில் வைக்க எளிது. ஆனால் அது பாதி உண்மை. தீர்மானிப்பது தோட்டாவின் பெயர் அல்ல, பற்றவைக்க வேண்டிய மருந்தின் அளவும் தன்மையும்தான். .300 வின்செஸ்டர் மேக்னம், 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் போன்ற பெரிய கூடுகளில் மெதுவாக எரியும் மருந்து மிகுதியாக நிரப்பப்படுவதால் வலுவான சுவாலை தேவைப்படுகிறது. அதே நேரத்தில், உருண்டை வடிவ 'பால்' மருந்துகளின் மேற்பரப்பில் எரிதலைத் தாமதப்படுத்தும் பூச்சு கனமாக இருப்பதால், .223 போன்ற சிறு கூட்டிலும் அவற்றுக்கு மேக்னம் பிரைமர் பரிந்துரைக்கப்படுவது உண்டு. கடுங்குளிரில் சுடுபவருக்கும் இது பொருந்தும். குச்சி வடிவ மருந்துகள் நடுத்தரக் கூடுகளில் சாதாரணப் பிரைமரிலேயே சீராக எரிகின்றன.

எல்லாவற்றுக்கும் மேக்னம் போட்டுவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. சிறிய கூட்டில் குறைந்த மருந்துடன் மிகவும் வலுவான பிரைமரைப் பொருத்தினால், மருந்து முழுமையாகப் பற்றும் முன்னரே பிரைமரின் அழுத்தமே குண்டை இடம்பெயர்த்துவிடலாம். அதனால் வேகம் தோட்டாவுக்குத் தோட்டா மாறும். உச்ச வரம்பை ஒட்டி நிரப்பப்பட்ட தோட்டாவிலோ அழுத்தம் வரம்பைத் தாண்டிவிடும். மாறாக, வலு குறைந்த பிரைமரை மெதுவாக எரியும் பெருமளவு மருந்துடன் இணைத்தால் விசையை இழுத்ததற்கும் தோட்டா வெடிப்பதற்கும் இடையே தாமதம் ஏற்படலாம். சுடாமல் போன தோட்டாவை உடனே வெளியே எடுக்காமல், குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்துக் குறைந்தது 30 வினாடி காத்திருக்க வேண்டும் என்ற விதி இதனால் எழுந்ததே.

சிறிய குழி கொண்ட .308 கூட்டுக்கும் இது பொருந்தும். கடுங்குளிரில், மெதுவாக எரியும் மருந்துடன் அதைப் பயன்படுத்த எண்ணுபவர் சிறிய மேக்னம் பிரைமரிலிருந்தே தொடங்குவது பொருத்தம். பெரிய பிரைமருக்காக அமைந்த போல்ட்டில் ஃபயரிங் பின் துளை அகலமாக இருந்தால் சிறிய பிரைமர் அந்த இடத்தில் துளைபடக்கூடும் என்பதால், அத்துளையைச் சுருக்கும் வேலையைத் துப்பாக்கிக் கம்மியரிடம் செய்துகொள்ள வேண்டியிருக்கும்.

நான்காம் படி: கையேடு சொல்வதிலிருந்து தொடங்குவது

மருந்து, குண்டுத் தயாரிப்பாளர்கள் வெளியிடும் நிரப்பல் கையேடுகள் ஒவ்வொரு அட்டவணையிலும் எந்தக் கூடு, எந்தப் பிரைமர் கொண்டு அழுத்தம் அளக்கப்பட்டது என்று குறிப்பிடுகின்றன. முந்தைய மூன்று படிகளும் இடம் கொடுக்கும் வரை அந்தப் பிரைமரையே வாங்குவதுதான் அறிவுடைமை. அது கிடைக்காதபோது அதே அளவும் அதே வகையும் கொண்ட வேறொன்றை எடுக்கலாம். சாதாரணப் பெரிய பிரைமர்களில் சிசிஐ 200, ஃபெடரல் 210, ரெமிங்டன் 9½, வின்செஸ்டர் டபிள்யூஎல்ஆர் ஆகியவை ஒரு குழு. மேக்னத்தில் சிசிஐ 250, ஃபெடரல் 215, ரெமிங்டன் 9½எம் ஆகியவை மற்றொரு குழு. இவற்றில் டபிள்யூஎல்ஆரை அதன் தயாரிப்பாளரே சாதாரணத் தோட்டாவுக்கும் மேக்னத்துக்கும் பொருந்துவதாகக் குறிப்பிடுகிறார். எனவே ஒரே குழு என்பதை ஒரே வலு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பிரைமரை மாற்றும் எவரும், மாற்றம் ஒரே குழுவுக்குள் நிகழ்ந்தாலும், உச்ச அளவை ஒட்டிய மருந்தை அப்படியே வைத்திருக்கக் கூடாது. கையேட்டின் தொடக்க அளவுக்கு, அல்லது ஏற்கெனவே நிலைநிறுத்திய அளவிலிருந்து 10 சதவீதம் குறைத்து, அங்கிருந்து சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அலுப்பூட்டும் வேலைதான், இதற்குக் குறுக்குவழி இல்லை.

மேட்ச் பிரைமர்: எதற்கு, யாருக்கு

சிசிஐ பிஆர்2, பிஆர்4, ஃபெடரல் 210எம், 205எம் போன்றவை கூடுதல் கவனத்துடன், அளவு வேறுபாடு குறைவாக இருக்கும்படி தயாரிக்கப்படுபவை. 1000 மீட்டர் தொலைவில் சுடும்போது வேக வேறுபாடு குண்டு விழும் உயரத்தில் நேராகத் தெரிவதால் அங்கே அவற்றுக்குப் பொருள் உண்டு. 100 மீட்டரில் வேட்டை ரைபிளுடன் சுடுபவர் அதே பணத்தைக் கூடுதல் பயிற்சிக்குச் செலவிடலாம் என்பது என் கருத்து.

ஒப்பிட்டுச் சோதிக்க விரும்புபவர் கூடு, மருந்தளவு, குண்டு, மொத்த நீளம் ஆகியவற்றை மாற்றாமல் பிரைமரை மட்டும் மாற்றி, குரோனோகிராஃபில் வேகத்தை அளக்க வேண்டும். ஐந்து தோட்டாக்களில் கிடைக்கும் திட்ட விலக்கத்தை நம்பிப் பிரைமரை மாற்றுவோர் தற்செயலைத் துரத்துகிறார்கள். அதே ஐந்தை மீண்டும் சுட்டால் எண் இரட்டிப்பாகவோ பாதியாகவோ மாறலாம். ஒவ்வொரு பிரைமருக்கும் இருபது தோட்டாக்களாவது சுட்ட பிறகே வேறுபாட்டைப் பற்றிப் பேசலாம். பிடித்துப்போன பிரைமரை ஒரே தயாரிப்புத் தொகுதி எண்ணில் போதுமான அளவு வாங்கி, அந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். தொகுதி மாறினால் தோட்டாவை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

பொருத்துதல்

நல்ல பிரைமரை மோசமாகப் பொருத்துவது, சாதாரணப் பிரைமரை நன்றாகப் பொருத்துவதைவிட எப்போதும் கேடானது. பழைய பிரைமரை நீக்கியபின் குழியில் படிந்த கரியைச் சுரண்டி எடுக்க வேண்டும். அதில் ஈயம் கலந்திருப்பதால் வேலை முடிந்ததும் கைகழுவுவதும், அந்த மேசையில் எதையும் உண்ணாதிருப்பதும் அவசியம். இராணுவக் கூடுகளில் பிரைமரைச் சுற்றிப் பித்தளை நசுக்கப்பட்டிருக்கும். அந்த விளிம்பை அழுத்தியோ கடைந்தோ நீக்காமல் புதிய பிரைமரைத் திணித்தால் கிண்ணம் நசுங்கும், சில சமயம் கையிலேயே வெடிக்கும்.

பிரைமர் கூட்டின் அடிப்பரப்புக்குக் கீழே 0.003 முதல் 0.005 அங்குலம் வரை இறங்கியிருக்க வேண்டும். பட்டடையின் கால்கள் குழியின் தரையைத் தொட்டு, கலவையைச் சற்று அழுத்தி நிற்கும் நிலை அதுதான். மேலே நின்றுவிட்ட பிரைமரில் ஃபயரிங் பின்னின் முதல் அடி பிரைமரைக் கீழே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். இரண்டாம் அடியில்தான் சுடும். 'இந்த நிறுவனத்தின் பிரைமர் சரியில்லை' என்ற குறைகளில் பல இந்த ஒரு காரணத்தில் முடிகின்றன. பொருத்திய ஒவ்வொரு கூட்டின் அடியையும் விரல் நுனியால் தடவிப் பார்த்தாலே துருத்தல் தெரிந்துவிடும். கையில் பிடித்துப் பொருத்தும் கருவி ஆழத்தை உணரவைப்பதால் நான் அதையே பரிந்துரைப்பேன். கருவி எதுவானாலும் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் பிரைமரைத் தொடக் கூடாது.

பிரைமர்களை அவற்றின் அசல் பெட்டியிலேயே, வெப்பம், ஈரம், எண்ணெய், கரைப்பான் எதுவும் அண்டாத இடத்தில் வைக்க வேண்டும். தொழிற்சாலைத் தட்டு ஒவ்வொரு பிரைமரையும் தனித்தனியே பிரித்து வைப்பது அழகுக்காக அன்று. கண்ணாடிக் குப்பியில் மொத்தமாகக் கொட்டி வைத்தால் ஒன்று பற்றினாலே அனைத்தும் ஒரே கணத்தில் வெடிக்கும்.

சுட்ட பிரைமரைப் படித்தல்

தேர்வு சரிதானா என்பதைச் சுட்ட பிரைமரின் முகம் ஓரளவு சொல்லும். விளிம்பின் வளைவு முற்றிலும் மறைந்து பிரைமர் குழியை நிறைத்துத் தட்டையாகியிருந்தால் அழுத்தம் மிகுதி என்று ஐயப்படலாம். ஆனால் மெல்லிய கிண்ணம் மிதமான அழுத்தத்திலும் தட்டையாகும். தடித்த கிண்ணம் ஆபத்தான அழுத்தத்திலும் வட்டமாகவே நிற்கும். எனவே இதைத் தனியாக நம்பாமல், போல்ட் திறக்கக் கடினமாக இருந்ததா, கூட்டின் அடியில் எஜெக்டரின் (சுட்ட கூட்டை வெளியே தள்ளும் உறுப்பு) தடம் பளபளப்பாகப் பதிந்திருக்கிறதா என்பதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ஃபயரிங் பின் தடத்தைச் சுற்றி வளையம்போல் உலோகம் எழும்பியிருந்தால் அது அழுத்தத்தாலும் வரலாம், ஃபயரிங் பின் துளை அகலமாக இருப்பதாலும் வரலாம். தொழிற்சாலைத் தோட்டா ஒன்றை அதே ரைபிளில் சுட்டு ஒப்பிட்டால் எது என்று தெரியும்.

பிரைமர் துளைபட்டிருந்தால் சுடுவதை அப்போதே நிறுத்திவிட்டு, போல்ட்டின் முகத்தில் வாயு அரித்த குழி விழுந்திருக்கிறதா, ஃபயரிங் பின்னின் நுனி சிதைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிதைந்த நுனி அடுத்து வரும் நல்ல பிரைமர்களையும் துளைத்துக்கொண்டே இருக்கும். பிரைமரைச் சுற்றிக் கரிவளையம் காணப்பட்டாலோ, புதிய பிரைமர் எந்த எதிர்ப்பும் இல்லாமல் குழிக்குள் வழுக்கி இறங்கினாலோ குழி தளர்ந்துவிட்டது என்று பொருள். அந்தக் கூட்டை வேறொரு பிரைமரால் காப்பாற்ற முயலாமல், வாயைக் குறட்டால் நசுக்கிப் பித்தளைக் கழிவில் போட்டுவிட வேண்டும்.